பூநாரைக்கு வழிமொழிய ஆள் இல்லை

எங்கள் ஊர் கார்வர் மில்ஸில் கரடியைப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ராட்சசக் கரடியைப் பார்த்தவர்கள்தான் ஏராளம். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் இந்த வெர்மான்ட் மலைக் காற்றின் குணமோ என்னமோ, இங்கே எல்லா மிருகமும் வாயால் சொல்லும்போது ஒரு சுற்று பெருத்துவிடும்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், இந்த ஊர் வாரப் பத்திரிகை என் தலையில்தான் விடிந்திருக்கிறது. வின்னி ஸ்டானர்ட் என்று பெயர். ஆசிரியர் நான், நிருபர் நான், விளம்பரம் கேட்டுப் பல்லிளிப்பவள் நான், அலுவலகத்தைப் பெருக்குகிறவளும் நான். உயிரைக் கொடுத்துத் தலையங்கம் எழுதுகிறேன், ஒரு ஜீவன் படிப்பதில்லை. வியாழக்கிழமை பேப்பர் வந்ததும் எல்லாரும் நேராக மூன்றாம் பக்கத்துக்குப் போய்விடுவார்கள். அங்கேதான் 'கண்ணில் பட்டவை' என்ற பத்தி இருக்கிறது. யார் தோட்டத்தில் மூஸ் மான் வந்தது, எந்த ஓடையில் நீர்நாய் குளித்தது, எல்லாம் ஊர்க்காரர்களே எழுதிக் கொடுப்பது.

அந்தப் பத்தியை ஒழுங்குக்குக் கொண்டுவந்த மகராசி ஆர்டிஸ் பெல்நாப். ஊர்க்கூட்டத்துக்கு வெகுகாலம் அவைத்தலைவராக இருந்தவள். மார்ச் மாதம் ஊரே ஹாலில் உட்கார்ந்து, சாலைக்கு எவ்வளவு மணல், பள்ளிக்கூட பஸ்ஸுக்கு எவ்வளவு என்று கைதூக்கி முடிவு செய்வோமே, அந்தக் கூட்டம். ஒருத்தர் முன்மொழிய வேண்டும், இன்னொருத்தர் வழிமொழிய வேண்டும். வழிமொழிய ஆள் இல்லையா, தீர்மானம் செத்தது. சுத்தியலால் ஒரு தட்டு தட்டிவிட்டு, "அடுத்தது" என்பாள். அண்ணனாவது தம்பியாவது, அவளிடம் தயவு தாட்சண்யம் கிடையாது. பதவியை விட்டு இறங்கிய பிறகும் ஊர் அவளைத் தலைவரம்மா என்றுதான் கூப்பிடுகிறது.

ஒரு தடவை டெல்பர்ட் காஸ் ஓநாய் பார்த்ததாக எழுதிக் கொடுத்தான். விறகு விற்கிறவன், தங்கமான மனுஷன், ஆனால் வாயைத் திறந்தால் புளுகு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வெளியே விடாமல் இரண்டு நாள் ஊரே நடுங்கியது. கடைசியில் பார்த்தால் அது தீவனக் கடை நோரீன் தீபோவின் நாய். மறுநாளே ஆர்டிஸ் என் அலுவலகத்துக்கு வந்து சட்டம் போட்டாள்.

"என்ன, எங்கே, எப்போ, யாரு. அவ்வளவுதான். அடைமொழி ஒண்ணும் கூடாது. பெரிய, பயங்கர, அழகான, எதுவும் வேண்டாம். அபூர்வமான மிருகம்னா வழிமொழிய இன்னொரு ஆளு வேணும். தானும் கண்ணால பார்த்த ஆளு."

அன்றிலிருந்து அப்படித்தான் நடக்கிறது. இது தெரிந்தால்தான் அந்த அக்டோபரில் நடந்த கூத்து புரியும்.

தெற்கே கடலில் கிளம்பிய புயலின் வால் எங்கள் மலைவரைக்கும் வந்து, மூன்று நாள் மழையைக் கொட்டிவிட்டுப் போயிருந்தது. ஆர்டிஸ் ரப்பர் பூட்ஸோடு உள்ளே வந்து, என் மேஜைமேல் ஒரு சீட்டை வைத்தாள். "பூநாரை, ஒன்று. பீவர் குட்டை. செவ்வாய் காலை. ஆ. பெல்நாப்."

நான் சீட்டைப் பார்த்தேன். அவளைப் பார்த்தேன். மறுபடி சீட்டைப் பார்த்தேன். பீவர்கள் ஓடையை அணைகட்டித் தேக்கிய எங்கள் மலைக் குட்டைக்கும் பூநாரைக்கும் என்ன சம்பந்தம்? உப்பங்கழியில், வெயிலில் நிற்கிற பறவை அது. இங்கே அப்போதே கையுறை போட ஆரம்பித்திருந்தோம்.

"தலைவரம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. சர்ச்சுக்காரங்க வச்சதா இருக்கப் போகுது," என்றேன்.

அந்த வருஷம் சர்ச் ஹாலுக்குக் கூரை போட நன்கொடை திரட்ட, ராத்திரியோடு ராத்திரியாக யார் வீட்டுப் புல்வெளியிலாவது ரோஸ் நிறப் பிளாஸ்டிக் பூநாரைகளைக் கூட்டமாக நட்டுவிடுவார்கள். விடிந்ததும் வீட்டுக்காரர் பணம் கொடுத்தால் பிடுங்கிப் பக்கத்து வீட்டில் நடுவார்கள். ஊர் முழுக்க அந்தச் சனியன்கள்தான் நின்றுகொண்டிருந்தன.

"பிளாஸ்டிக்கு காலால சேத்தைக் கிளறி, தலையைக் கவுத்துப் போட்டுத் தின்னுமா, வின்னி?"

"தின்னாது."

"அப்போ அச்சுல ஏத்து."

ஏற்றினேன். கீழே 'வழிமொழிய ஆள் தேவை' என்றும் போட்டேன். வியாழன் காலை பேப்பர் வந்ததுதான் தாமதம், யாரோ ஒரு புண்ணியவான் அதைப் படம் எடுத்து ஹார்ட்ஃபர்ட் நகரத்தில் இருக்கும் ஆர்டிஸின் மகள் கோரினுக்கு அனுப்பிவிட்டான்.

கோரின் மறுநாளே காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். நல்ல பெண். பல் ஆஸ்பத்திரியில் வேலை. அம்மாவுக்கு ஒரே பிள்ளை. நேராக என் அலுவலகத்துக்குத்தான் வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"ஏன் வின்னி இதைப் போட்டீங்க? எங்கம்மாவை ஊரே சிரிக்கணுமா?"

"யாரும் சிரிக்கலம்மா. உக்காரு முதல்ல."

உட்கார்ந்ததும் பொலபொலவென்று அழுதுவிட்டாள். விஷயம் பூநாரை இல்லை, கெட்டில். போன மாதம் ஆர்டிஸ் அடுப்பில் கெட்டிலை வைத்துவிட்டு, மறந்து குட்டைப்பக்கம் போய்விட்டாள். கெட்டில் கருகி, ஜன்னல் திரையில் தீப் பிடித்துவிட்டது. விறகு இறக்க வந்த டெல்பர்ட் புகையைப் பார்த்து ஓடியிருக்காவிட்டால் வீடே போயிருக்கும்.

"இங்க போன் அடிச்சு அவங்க எடுக்கலைன்னா, எனக்கு அங்க உயிரு போயிட்டு வருது. அடுப்பை மறந்தாங்க, சரி, வயசாச்சுன்னு விட்டேன். இப்போ இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியுது. மாடி ரூமைத் தயார் பண்ணிட்டேன். ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போயிடறேன்."

"தலைவரம்மா வருவாங்களா?"

"கூப்பிட்டா வருவாங்க. அதான் வின்னி எனக்குத் தாங்கல. சண்டை போடமாட்டாங்க. 'சரி, நீ சொன்னா சரி'ன்னு பெட்டியை எடுத்துடுவாங்க." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர் அந்தப் பறவையைப் பார்த்திருந்தாக்கூட நான் வாயைத் திறக்க மாட்டேன்."

அந்தக் குட்டையையும் மலையையும் விட்டுவிட்டு ஆர்டிஸ் ஒரு நகரத்து மாடி அறையில் உட்கார்ந்து தெருவில் கார் போவதைப் பார்ப்பாளா? இரண்டு குளிர்காலம்கூடத் தாங்கமாட்டாள். ஆனால் அந்தக் கருகிய திரையையும் நான் பார்த்திருக்கிறேன். பொய் சொல்வானேன், எனக்கும் பயம்தான்.

என் அலுவலகம் நோரீனின் தீவனக் கடைக்குப் பின்புறம். நடுவில் இருப்பது சுவர் இல்லை, பேருக்கு ஒரு பலகை. கோரின் போனதும் நோரீன் பலகைக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டாள்.

"கேட்டுட்டேன்," என்றாள்.

"கேக்காம இருந்தாத்தான் ஆச்சரியம்."

"யாராவது ஒருத்தர் பார்த்திருந்தா போதும்னு சொன்னால்ல?"

"நோரீன், வேண்டாம். தலைவரம்மாவுக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சுடுவாங்க."

"போடி இவளே. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம், நாலு பொய் சொல்லி ஒரு வீட்டைக் காப்பாத்தக் கூடாதா?"

அவள் கடைக்குத் தீவனம் வாங்க வராத ஆள் ஊரில் கிடையாது. சாயங்காலத்துக்குள் விஷயம் எல்லார் காதுக்கும் போய்விட்டது.

சனிக்கிழமை சர்ச் ஹாலில் பீன்ஸ் விருந்து. மேப்பிள் பாகு ஊற்றி விடிய விடிய ஓவனில் வேகவைத்த பீன்ஸ், பிரவுன் ரொட்டி, கோஸ் சாலட். ஆர்டிஸ் வழக்கம்போல ஏப்ரன் கட்டிக்கொண்டு பரிமாறும் மேஜையில் கரண்டியோடு நின்றாள். கோரின் என் பக்கத்தில் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

முதலில் டெல்பர்ட் வந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தான். அதிலேயே எனக்குப் பகீரென்றது. அவன் பொய் சொல்லும்போதுதான் மரியாதை கூடும்.

"கோரின், உங்கம்மா சொன்ன பறவை. நானும் பார்த்தேன்மா. விறகு ஏத்திட்டுப் போறேன், குட்டையில ஜம்முனு நிக்குது. ரோஸ் கலரு. அந்தி வானம் கெட்டுது போ. அப்படி ஒரு ரோஸு."

கோரின் நிமிர்ந்தாள். "நிஜமாவா?"

"என் லாரிமேல சத்தியமா."

அதற்குள் நோரீன் ரொட்டிக் கூடையோடு வந்துவிட்டாள். "நானும்தான் கண்ணு. ஒத்தக் கால்ல நின்னுச்சு. ரோஸ்னா ரோஸ், நம்ம பாதிரியார் வீட்டு வாசல்ல நிக்குதே அதே மாதிரி." அவள் வாயை அடைக்க நான் மேஜைக்குக் கீழே அவள் காலை மிதித்தேன். மிதிபட்டது பாதிரியார் கால். அவரும் வந்து நின்றிருந்தார் போலிருக்கிறது. மிதி வாங்கியவர் திடுக்கிட்டு, "தூரத்திலேர்ந்து... ரோஸா ஏதோ ஒண்ணை... நானும் பார்த்ததா ஞாபகம்," என்றார். பாவம், கடவுளுக்கு முன்னால் அந்த 'ஞாபகத்தை' எப்படிச் சமாளித்தாரோ!

ஒருத்தர் பின்னால் ஒருத்தராக வந்தார்கள். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல் என்பார்கள். இவர்களுடையது பொருந்திய பொருத்தம் இருக்கிறதே, எல்லாருக்கும் ஒரே ரோஸ், எல்லாருக்கும் ஒற்றைக் கால். ஆனால் அன்பு இருந்தது. கோரினின் முகம் மெல்ல மெல்லத் தெளிந்தது. கரண்டியை எடுத்து ஒரு வாய் பீன்ஸ்கூடச் சாப்பிட்டாள்.

"அப்போ அம்மாவுக்கு ஒண்ணுமில்ல," என்று என்னிடம் சொன்னாள். நான் என் தட்டில் கோஸ் சாலட்டைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது.

டணார் என்று ஒரு சத்தம். ஆர்டிஸ் பரிமாறும் கரண்டியால் மேஜையைத் தட்டியிருந்தாள். பீன்ஸ் நாலு பக்கமும் தெறித்தது. அந்தத் தட்டு எங்கள் எல்லாருக்கும் எலும்பில் ஊறியது. பேசிக்கொண்டிருந்த ஹால் கப்சிப் என்று அடங்கிவிட்டது.

"ஒழுங்குப் பிரச்சினை," என்றாள். "யாரெல்லாம் என் பறவைக்கு வழிமொழிஞ்சது? கை தூக்கு."

ஒரு கையும் எழவில்லை. பிறகு டெல்பர்ட் தோளுயரத்துக்கு ஒரு கையைத் தூக்கினான். நோரீனும் தூக்கினாள். பாதிரியார் விரலை மட்டும் தூக்கினார். அவர்களைப் பார்த்து இன்னும் பல கைகள் எழுந்தன.

"டெல்பர்ட், என்ன நிறம்?"

"ரோஸ், தலைவரம்மா."

"நோரீன்?"

"ரோஸ்தான்."

"நான் பார்த்த பறவை சாம்பல் நிறம்," என்றாள் ஆர்டிஸ். "அடுப்புச் சாம்பல் நிறம். காலும் கறுப்பு. ரோஸ்ங்கிற பேச்சே கிடையாது. உங்க எல்லார் வழிமொழிதலும் தள்ளுபடி. வெக்கமா இல்ல? பாதிரியாரே, உமக்குமா?"

கைகள் இறங்கின. டெல்பர்ட் தொப்பியை மறுபடி தலையில் வைத்துக்கொண்டு அதற்குள் ஒளிந்துகொள்ளப் பார்த்தான். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அடிப் பாவி, வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா? ஊரே சேர்ந்து உன்னைத் தூக்கி நிறுத்தினால், நீயே உன் காலை வாரிக்கொள்கிறாயே!

கோரினின் முகத்தில் வந்த தெளிவெல்லாம் வடிந்துவிட்டது. எழுந்து நின்றாள்.

"அம்மா. சாம்பல் நிறத்துல பூநாரையே கிடையாதும்மா."

"நான் பார்த்தேன்."

"ரோஸ்மா. உலகத்துக்கே தெரியும், அது ரோஸ்." குரல் உடைந்தது. போனை எடுத்தாள். "இரு, படம் காட்டறேன். நீயே பாரு." அம்மாவை மட்டம் தட்ட எடுக்கவில்லை, எப்படியாவது புரிய வைத்துவிட வேண்டும் என்ற தவிப்புதான். அவசர அவசரமாகத் தேடினாள். தேடியவள் நின்றுவிட்டாள். உதடு மட்டும் அசைந்தது.

"சத்தமா படி," என்றாள் ஆர்டிஸ். "ஹால்ல எல்லாருக்கும் கேக்கணும்."

"குஞ்சு பொரிச்சு... முதல் ஓரிரண்டு வருஷம்..." கோரின் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி படித்தாள். "இளம் பூநாரை சாம்பல் நிறமா இருக்கும். காலும் கருஞ்சாம்பல். இரை தின்னு வளர வளரத்தான் ரோஸ் நிறம் ஏறும்."

எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. கற்பனையில் பூநாரையைப் பார்த்தால் அது ரோஸாகத்தான் இருக்கும். டெல்பர்ட் பார்த்தது ரோஸ், நோரீன் பார்த்தது ரோஸ், பாதிரியாரின் ஞாபகமும் ரோஸ். சாம்பல் நிறத்தில் ஒருத்தி பார்த்தாள் என்றால், அவள் நிஜமாகவே பார்த்திருக்கிறாள். தெற்கேயிருந்து வந்த அந்தப் புயல்தான் அதை இங்கே கொண்டுவந்து தள்ளியிருக்கும். சீட்டில் அதை எழுதவில்லை. எப்படி எழுதுவாள்? அடைமொழி கூடாது என்று சட்டம் போட்டவளே அவள்தானே!

கோரின் அழுதுகொண்டே கையைத் தூக்கினாள். "நான் வழிமொழியறேன்."

"நீ பார்த்தியா?"

"இல்ல."

"அப்புறம் எப்படி வழிமொழிவே? தள்ளுபடி." கரண்டியால் மெல்ல ஒரு தட்டு. அப்புறம் ஆர்டிஸ் ஹாலைப் பார்த்துச் சொன்னாள்: "கெட்டிலைக் கருக்கினது நான்தான். அதுக்கு டெல்பர்ட் சாட்சி, அதுல அவன் புளுகல. அடுப்பை மறந்துட்டேன். போன வாரம் சாவியையும் மறந்தேன். மறக்கிறேன், அது நிஜம். இல்லாததைப் பார்க்கலை, அதுவும் நிஜம். இப்போ கோரின், உன் தீர்மானத்தைக் கொண்டா."

"என்ன தீர்மானம்மா?"

"ரெண்டு நாளா மனசுல வச்சிருக்கியே, அது. முறைப்படி சொல்லு."

கோரின் ஏப்ரனோடு நின்ற அம்மாவைப் பார்த்தாள். "அம்மா என்கூட ஹார்ட்ஃபர்டுக்கு வந்து இருக்கணும்னு முன்மொழியறேன்."

"தீர்மானம் அவை முன்னால இருக்கு," என்றாள் ஆர்டிஸ். குரலில் ஒரு பிசிறு இல்லை. "வழிமொழியறவங்க?"

டெல்பர்ட் தன் தட்டைப் பார்த்தான். நோரீன் ரொட்டிக் கூடையைப் பார்த்தாள். ஆர்டிஸ் எல்லார் முகத்தையும் வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்து, கடைசியில் என்னிடம் நின்றாள். எனக்குப் பயம் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். நான் கையைத் தூக்கியிருந்தால் அவள் ஒரு வார்த்தை சொல்லாமல் பெட்டி கட்டியிருப்பாள், அது சத்தியம். மார்ச் கூட்டத்தில் ஒருநாளும் அவ்வளவு நேரம் காத்திருக்கமாட்டாள். அன்று காத்திருந்தாள். நான் என் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன்.

"வழிமொழிய ஆள் இல்லை," என்றாள். "தீர்மானம் விழுந்தது."

தட்டவில்லை. கரண்டியைக் கீழே வைத்தாள். கோரின் மேஜையைச் சுற்றிக்கொண்டு போய், அம்மாவின் முழங்கையில் தெறித்திருந்த பீன்ஸ் பாகைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டாள். அப்படியே அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொரு தீர்மானம் இருக்கு," என்றாள். "கேஸ் அடுப்பு போகணும். தானா அணையற கரண்ட் கெட்டில் வரணும். தினம் காலையில யாராவது ஒருத்தர் வீட்டுக்குள்ள எட்டிப் பார்க்கணும். மாசத்துல ரெண்டு தடவை நான் வருவேன். வேண்டாம்னு சொல்லக் கூடாது."

"வழிமொழியறேன்!" என்று ஹால் முழுக்கக் கத்தியது. நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தியிருப்பேன். அடுத்த மேஜைக் குழந்தை ஒன்று பயந்து அழுதது.

"ஒருத்தர் போதும்," என்றாள் தலைவரம்மா. "ஒரே இரைச்சல். சாப்பிடுங்க, ஆறுது."

ஞாயிற்றுக்கிழமை கோரின் ஊருக்குக் கிளம்பவில்லை. ஆஸ்பத்திரிக்கு லீவு சொல்லிவிட்டு, அந்த வாரம் தினமும் காலையில் அம்மாவோடு குட்டைக்குப் போனாள். ஒரே கம்பளியைப் போர்த்திக்கொண்டு, ஒரே பைனாகுலரை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருந்ததை நானே பார்த்தேன். புதன்கிழமை அலுவலகத்துக்கு இரண்டு சீட்டு வந்தது. ஒன்று ஆர்டிஸுடையது: "சென்ற வாரப் பூநாரைக்குத் திருத்தம். நிறம் சாம்பல். வழிமொழிந்தவர் இல்லை." அடைமொழி கூடாது என்ற சட்டத்தை அதற்கு மட்டும் தளர்த்தச் சொல்லி ஓரத்தில் கையெழுத்தும் போட்டிருந்தாள்.

இன்னொன்று கோரினுடையது. பார்க்காததைப் பார்க்கவில்லை என்று யாரும் இந்தப் பத்திக்கு இதுவரை எழுதிக் கொடுத்ததில்லை. ஒரு எழுத்தையும் மாற்றாமல் அப்படியே போட்டேன்.

"பூநாரை, இல்லை. பீவர் குட்டை. தினமும் காலை. பார்த்தவர் கோரின் பெல்நாப். வழிமொழிந்தவர் ஆர்டிஸ் பெல்நாப்."